டீச்சர் போய்வந்த வழியில்

முதல் நாள், வெள்ளி: கழுகுமலை

சென்னையிலிருந்து நெல்லை எக்ஸ்பிரஸில் வந்து கோவில்பட்டியில் இறங்கும்போது இன்னும் வெளிச்சம் வரவில்லை. ஸ்டேஷன் வாசலில் ஒரு டீ குடித்துவிட்டு, பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் அறை எடுத்துக் குளித்து, முதல் வேலையாகக் கழுகுமலைக்கு பஸ் ஏறினேன். டீச்சருடைய வீடு இதே கோவில்பட்டியில்தான் இருக்கிறது. இன்றைக்கு அங்கே போகவில்லை.

டீச்சர் இறந்து பதினொரு நாள் ஆகிறது. கூடப் படித்தவள் ஒருத்தி போன் பண்ணிச் சொன்னபோதே எல்லாம் முடிந்திருந்தது. 79 வயது. தூக்கத்திலேயே போய்விட்டாராம். புதன்கிழமை பதினாறாம் நாள் விசேஷம். அதற்கு மட்டும் வந்து தலையைக் காட்டிவிட்டுத் திரும்ப மனசு வரவில்லை. ஐந்து நாள் முன்னாலேயே கிளம்பிவிட்டேன். அந்த ஐந்து நாளும் எங்கே போகப்போகிறேன் என்பது 1989-லேயே முடிவான விஷயம்.

அந்த வருஷம் மாசி மாதம். நான் நாலாப்பு. எங்கள் ஊர் கோவில்பட்டிக்கும் சங்கரன்கோவிலுக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற கரிசல் கிராமம். ஈராசிரியர் பள்ளி. ஒன்றும் ரெண்டும் சாருக்கு. மூணு, நாலு, அஞ்சு டீச்சருக்கு. ஓட்டுக் கட்டடத்தில் ஒரே ஹால். தட்டி கிடையாது. எங்களுக்குக் கணக்கைப் போட்டுவிட்டு அஞ்சாப்புக்குப் போவார், மூணாப்புக்கு எழுத்துப் பிழை திருத்திக்கொண்டே எங்கள் பக்கம் காது வைத்திருப்பார். அப்படிப்பட்டவர் நாலாப்பு, அஞ்சாப்புப் பிள்ளைகள் 23 பேரை சனி, ஞாயிறு இரண்டு நாள் சுற்றுலா கூட்டிப்போக ஏற்பாடு செய்தார். ஒரு மெட்டடார் வேன். தலைக்கு 30 ரூபாய். எங்கள் அம்மா பருத்தி எடுத்த கூலியில் சேர்த்துக் கொடுத்துவிட்டாள். வியாழக்கிழமை ராத்திரி எனக்கு அம்மை போட்டுவிட்டது.

22 பேர் போனார்கள்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மை போட்ட வீட்டுக்குள் வெளியாள் வரக்கூடாது. நிலையில் வேப்பிலை செருகியிருந்தது. டீச்சர் செருப்பைத் தெருவிலேயே விட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார். நான் உள்ளே நடையில், வேப்பிலை பரப்பிய பாயில் கிடந்தேன். நடுவே வாசல்படி. அவர் ஊருக்குப் போகிற பஸ் வர ஒரு மணி நேரம் இருந்தது. "ஏட்டி, முழிச்சிருக்கியா? முதல்ல எங்க போனோம் தெரியுமா?" என்று ஆரம்பித்தார். திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து சாயங்காலம், ஒரு நாளைக்கு ஓர் ஊர் என்று, அந்த இரண்டு நாள் சுற்றுலாவை அவர் எனக்குச் சொன்னார்.

முதல் ஊர் கழுகுமலை. தினமும் பார்க்கிற மலைதான் எங்களுக்கு. ஆனால் யாரும் ஏறியதில்லை.

அடிவாரத்து முருகன் கோயிலைத் தாண்டிப் பாறையில் ஏறினேன். வெட்டுவான் கோயிலுக்குப் போனால் முதலில் கோயில் தெரியாது, பள்ளம்தான் தெரியும். ஏறக்குறைய 25 அடி ஆழத்துக்குப் பாறையைச் சுற்றிலும் வெட்டி எடுத்திருக்கிறார்கள். நடுவில் விட்ட பாறைதான் கோயில். எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் வேலை. சிகரமும் மேல்தளமும் முடிந்திருக்கின்றன, கீழே பாதியில் நின்றுவிட்டது. டீச்சர் அன்றைக்குக் கைப்பையிலிருந்து ஒரு 501 பார் சோப்புத் துண்டையும் பிளேடையும் எடுத்தார். மேலேயிருந்து செதுக்கிக்கொண்டே வந்தார். திண்ணையெல்லாம் சோப்புத் தூள். "வீடு கட்டுறதுன்னா கல்லு மேல கல்லு சேர்க்கணும். இங்க சேர்க்கவே இல்ல. வேண்டாததை எடுத்துட்டாங்க. மத்ததெல்லாம் கூட்டல் கோயில். இது கழித்தல் கோயில்."

கழித்தல் கணக்கில் கடன் வாங்கத் தெரியாமல் நான் திணறிக்கொண்டிருந்த வருஷம் அது.

விமானத்தின் தெற்குப் பக்கம் தட்சிணாமூர்த்தி இருக்கிறார். மற்ற கோயில்களில் அவர் சின்முத்திரை காட்டி அமைதியாக உட்கார்ந்திருப்பார். இங்கே மிருதங்கம் வாசிக்கிறார். டீச்சர் இதைச் சொல்லும்போது திண்ணைப் பலகையில் தட்டிக் காண்பித்தார். வாய்ப்பாடு சொல்லும்போது மேஜையில் அடிஸ்கேலால் போடுகிற அதே தாளம். இன்றைக்கு அந்தச் சிற்பத்தைப் பார்த்தபோது எனக்கு ஏழாம் வாய்ப்பாடுதான் கேட்டது.

அதே மலையில் கொஞ்சம் தள்ளி, பாறை முகத்தில் வரிசை வரிசையாகச் சமண தீர்த்தங்கரர்கள். கீழே வட்டெழுத்துக் கல்வெட்டுகள். அந்தக் காலத்தில் இந்த மலைக்கு அரைமலை என்று பெயர். அந்த எழுத்துகளில் 'குரத்தி' என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. குரவர் என்றால் ஆசிரியர். குரத்தி என்றால் பெண் ஆசிரியர். இன்ன ஊர்க் குரத்தி, இன்னாருடைய மாணாக்கர் என்று, சிலைகளைச் செய்வித்தவர்களின் பெயர்களைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் இந்தக் கரிசல் காட்டு நடுவே பெண்கள் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அவர்களிடம் படித்தோம் என்று சொல்வதைப் பிள்ளைகள் பெருமையாக நினைத்திருக்கிறார்கள்.

இதை டீச்சர் எனக்குச் சொல்லவில்லை. நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. அவருக்குத் தெரிந்திருந்தால் இன்னொரு சாயங்காலம் முழுக்க இதையே சொல்லியிருப்பார். அவரிடம் சொல்ல எனக்கு முப்பது வருஷத்துக்கு மேல் நேரம் இருந்தது. சொல்லாமல் விட்டுவிட்டேன்.

உச்சி வெயிலில் செருப்பில்லாமல் நின்றதில் உள்ளங்கால் இரண்டும் பொரிந்துவிட்டன. இப்போது வாளித் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

இரண்டாம் நாள், சனி: எட்டயபுரம்

கோவில்பட்டியிலிருந்து கிழக்கே அரை மணி நேரப் பயணம். மக்காச்சோளம் ஒடித்த காடுகளில் தட்டை மட்டும் நிற்கிறது. மிளகாய்ப் பழம் களத்தில் காய்கிறது. ஜன்னலோரம் உட்கார்ந்தால் நெடி மூக்கில் ஏறும்.

பாரதி பிறந்த வீட்டுக்குள் நுழைந்ததும் குளுமையாக இருந்தது. 1882 டிசம்பர் 11 என்ற தேதியை எங்கள் ஊர்ப் பிள்ளைகள் யாரும் மறக்க முடியாது. பள்ளிக்கூடச் சுவரில், கரும்பலகைக்கு மேலே, டீச்சர் கையாலேயே வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருந்தார். தலைப்பாகைக் கவிஞரை எல்லாப் பள்ளிக்கூடத்திலும் சொல்லிக்கொடுப்பார்கள். டீச்சர் சொன்னது வேறு மாதிரி. "பதினோரு வயசுல இந்த ஊர்ல பெரியவங்க எல்லாரும் உக்காந்திருக்கிற சபையில சுப்பையாவுக்கு பாரதின்னு பட்டம் குடுத்தாங்க. உனக்கு இப்ப ஒம்போது. இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு பாத்துக்க."

உடம்பெல்லாம் கொப்புளத்தோடு கிடந்த பிள்ளையிடம் சொன்ன வார்த்தை இது. எனக்குப் பட்டமெல்லாம் வரவில்லை. ஆனால் அந்த இரண்டு வருஷமும் எனக்குள் ஏதோ ஒன்று நடக்கப்போகிறது என்ற நம்பிக்கையிலேயே இருந்தேன். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய சொத்து!

"அவரும் நம்மள மாதிரி வாத்தியார் வேலை பாத்தவருதான்" என்றும் சொன்னார். அது உண்மை. 1904-இல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் மூன்று மாத அளவுக்குத் தமிழாசிரியராக இருந்தார். பாரதியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் டீச்சருக்கு அந்த மூன்று மாதம்தான் முக்கியம்.

மணிமண்டபத்துக்கும் போனேன். கல்கி முன்னின்று பணம் திரட்டிக் கட்டியது. 1947 அக்டோபரில் ராஜாஜி திறந்து வைத்தார். மண்டபத்து நிழலில் ஒரு குடும்பம் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. எனக்கும் ஒரு கை கொடுத்தார்கள். அதன்பிறகு உமறுப் புலவர் நினைவிடம், முத்துசுவாமி தீட்சிதர் சமாதி. தீட்சிதர் 1835 தீபாவளி அன்று இந்த ஊரில்தான் உயிர்விட்டார். இவ்வளவையும் ஒரு மணி நேரத்தில் நடந்தே பார்த்துவிடலாம், அத்தனை சின்ன ஊர்.

ஆனால் டீச்சருக்கு எட்டயபுரம் என்றால் இது எதுவும் முதலில் இல்லை. சோறுதான் முதலில். 1956-இல் காமராஜர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிய ஊர் இது. டீச்சருக்கு அப்போது பத்து வயது. திருச்செந்தூர்ப் பக்கம் தேரிக்காட்டு ஓரத்தில் ஒரு சின்ன ஊர். அப்பா பனையேறி. வீட்டில் ஆறு பிள்ளைகள். "பள்ளிக்கூடத்துல சோறு போடுதாங்கன்ன பெறகுதான் எங்க ஐயா எங்களை விட்டாரு. சோத்துக்குப் போனேன். போன இடத்துல படிப்பு இருந்துச்சு" என்று சொல்வார். அதனால் வேனை எட்டயபுரத்தில் நிறுத்தியதும் பாரதி வீட்டுக்குப் போகும் முன்பு பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்து, இந்த ஊரைப் பார்த்து ஒரு கும்பிடு போடச் சொன்னாராம். இருபத்திரண்டு பிள்ளைகள் நடுத்தெருவில் நின்று கும்பிட்டிருக்கிறார்கள். தெருவே வேடிக்கை பார்த்திருக்கிறது.

எங்கள் காலத்தில் சத்துணவு வந்துவிட்டது. அது 1982-இல் எம்.ஜி.ஆர். தொடங்கியது. ஆயா சோறு வடிக்கிற நேரத்தில் டீச்சர் வகுப்பை விட்டு எழுந்து போய் அண்டாவைப் பார்த்துவிட்டு வருவார். யார் சாப்பிடாமல் விளையாடப் போகிறார்கள் என்று கண் வைத்திருப்பார். கடைசி வரிசைப் பிள்ளை தட்டைக் கழுவின பிறகுதான் தன் தூக்குவாளியைத் திறப்பார். இதெல்லாம் ஏன் என்று எனக்கு அப்போது தெரியாது.

நானும் பஸ் ஸ்டாண்டில் இறங்கினதும் ஓரமாக நின்று ஒரு கும்பிடு போட்டேன்.

மூன்றாம் நாள், ஞாயிறு: ஒட்டப்பிடாரம், பாஞ்சாலங்குறிச்சி

இன்றைக்குக் கொஞ்சமாகத்தான் எழுத முடியும். பஸ்ஸுக்குக் காத்திருந்ததிலேயே பாதி நாள் போய்விட்டது.

ஒட்டப்பிடாரத்தில் வ.உ.சி. பிறந்த வீடு. 1872 செப்டம்பர் 5. ஆசிரியர் தினம் வரும்போதெல்லாம் டீச்சர் இதைச் சொல்லாமல் விடமாட்டார். "இன்னிக்கு ரெண்டு பேருக்குப் பொறந்தநாள். ஒருத்தர் ராதாகிருஷ்ணன். இன்னொருத்தர் நம்ம பக்கத்து ஊர்க்காரர்." அன்றைக்கு எல்லாரும் ஆளுக்கு இரண்டு காகிதக் கப்பல் செய்வோம். ஒன்றில் காலியா, இன்னொன்றில் லாவோ என்று எழுத வேண்டும். 1906-இல் வெள்ளைக்காரனுக்கு எதிராகக் கம்பெனி தொடங்கி அவர் ஓட்டிய இரண்டு கப்பல்கள். கண்மாயில் தண்ணீர் இருந்தால் கண்மாயில் விடுவோம், இல்லாவிட்டால் சத்துணவு அண்டாவில். அதே மனிதரைக் கோயம்புத்தூர்ச் சிறையில் மாடு மாதிரிச் செக்கிழுக்க வைத்தார்கள் என்று சொல்லும்போது டீச்சர் குரல் இறங்கிவிடும். பிறகு கொஞ்ச நேரம் பாடம் நடக்காது.

பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை 1974-இல் நினைவுக்காகக் கட்டியது. பழைய கோட்டையை வெள்ளைக்காரர்கள் தரைமட்டமாக்கிவிட்டார்கள். அதன் அடித்தளம் மட்டும் பக்கத்தில் இருக்கிறது. டீச்சர் இதை மறைக்காமல் சொன்னார். "முன்னால நிக்குறது புதுசு. பின்னால தரையில கிடக்கே, அதுதான் நிஜம். பிள்ளைகளை அங்கதான் உக்கார வச்சேன்."

கட்டபொம்மனை 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிட்டது எல்லாருக்கும் தெரியும். டீச்சர் சொன்ன கதையில் நாயகன் தம்பி ஊமைத்துரை. பேச்சு சரியாக வராதவர். 1801-இல் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்து, இடித்துப் போட்ட கோட்டையைச் சில நாளிலேயே மறுபடி எழுப்பினார். எங்கள் வகுப்பில் ஒருவனுக்குத் திக்கும். அவன் பாடம் படிக்க எழுந்தாலே சிரிப்பு கிளம்பும். கோட்டைக்குப் போய்வந்த பிறகு அவன் தன்னை ஊமைத்துரை என்று சொல்லிக்கொள்ள ஆரம்பித்தான். அந்தப் பெயரோடுதான் இன்றைக்கும் ஊரில் இருக்கிறான். லாரி ஓட்டுகிறான். கேலியாக யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை.

அடித்தளத்து ஓரமாக நானும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். வெறும் செங்கல்லும் மண்ணும்தான்.

நான்காம் நாள், திங்கள்: தூத்துக்குடி

உப்பளம் பார்க்க வேண்டும் என்று வந்தேன். நகரத்தை விட்டுத் தெற்கே திருச்செந்தூர் சாலையில் கொஞ்சம் போனால் இரண்டு பக்கமும் பாத்திகள். ஆட்டோக்காரத் தம்பி தனக்குத் தெரிந்த ஓர் அளத்தில் கொண்டுபோய் விட்டார். காலை ஏழு மணிக்கே கண் கூசுகிறது. வேலை செய்கிறவர்கள் அதற்கு முன்பே வந்து பாதி முடித்துவிட்டார்கள்.

தண்ணீரை முதலில் பெரிய பாத்தியில் தேக்குகிறார்கள். வெயிலில் வற்ற வற்ற அடுத்த பாத்திக்கு மாற்றுகிறார்கள். உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை டிகிரி என்று சொல்கிறார்கள். கருவியை மிதக்கவிட்டுப் பார்ப்பது. இருபத்து நாலு, இருபத்தைந்து டிகிரி வந்தால் உப்பு விளைய ஆரம்பிக்கும். அப்புறம் பலகையால் வாரி வரப்பில் குவிப்பது. தை மாசிக்கு ஆரம்பித்துப் புரட்டாசி வரை ஓடும். ஐப்பசி மழை விழுந்தால் வேலையும் இல்லை, கூலியும் இல்லை. வாரிக்கொண்டிருந்த அக்காவிடம் எத்தனை வருஷமாக இந்த வேலை என்று கேட்டேன். "எம்மக வயசு" என்றார். மகள் வயது என்ன என்று கேட்டதற்கு, நிமிர்ந்து சிரித்து, "அவ காலேஜி ரெண்டாவது வருசம். டீச்சருக்குப் படிக்கணுமாம்" என்றார். உப்பு பட்டுப் பட்டு அவருடைய பாதம் வெடித்துக் கிடந்தது. கழுகுமலைப் பாறையில் பொரிந்த என் காலைப் பற்றி இங்கே எழுதியதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

வியாழக்கிழமைச் சாயங்காலம் டீச்சர் தூத்துக்குடியைச் சொல்ல வந்தபோது காகிதக் கூம்பில் இரண்டு மக்ரூன் கொண்டுவந்தார். அம்மா கையில் வாங்கியதும், "இதுல என்ன டீச்சர் இருக்கு?" என்று கேட்டாள். முந்திரிப் பருப்பு, சீனி, முட்டை வெள்ளைக்கரு. முட்டை என்று கேட்டதும் அம்மா பதறிப்போனாள். அம்மை போட்ட வீட்டில் முட்டையா! டீச்சருக்கு முகம் விழுந்துவிட்டது. "எனக்கு யோசனை இல்லாமப் போச்சும்மா" என்று இரண்டு மூன்று முறை சொன்னார். மக்ரூனைத் தெருவில் வைத்தே என் அண்ணன் தின்றுவிட்டான். அதன் பிறகு நான் மக்ரூன் தின்றது பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிறகுதான். வாயில் வைத்ததும் கரைந்தது. அண்ணன் மேல் எனக்குப் பத்து வருஷக் கோபம் அப்போதுதான் தீர்ந்தது.

இன்றைக்கு அரைக் கிலோ வாங்கி வைத்திருக்கிறேன். டீச்சருடைய மகளுக்கு.

பனிமய மாதா கோயிலுக்கும் போனேன். டீச்சர் பிள்ளைகளை உள்ளே கூட்டிப்போய்ச் சத்தமில்லாமல் உட்காரச் சொன்னாராம். "எந்தச் சாமி வீட்டுக்குப் போனாலும் முதல்ல சும்மா உக்காரணும். கேக்குறதெல்லாம் அப்புறம்." நானும் சும்மா உட்கார்ந்திருந்தேன். கேட்க வேண்டியது எதுவும் நினைவுக்கு வரவில்லை. அழுகைதான் வந்தது. பக்கத்தில் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்த பாட்டி என்னை எதுவும் கேட்காமல் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார்.

ஐந்தாம் நாள், செவ்வாய்: திருச்செந்தூர்

பஸ் முக்காணிப் பாலத்தில் தாமிரபரணியைத் தாண்டியது. ஆறு கடலுக்குப் போய்ச் சேர அதற்கப்புறம் அதிக தூரம் இல்லை. ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால், வாழை, மறுபடியும் உப்பளம், அப்புறம் பனை. டீச்சர் பிறந்த மண்.

கோயிலில் செவ்வாய்க்கிழமைக் கூட்டம். தரிசனத்துக்கு நிற்காமல் கோபுரத்தைக் கும்பிட்டுவிட்டு நாழிக்கிணற்றுக்குப் போனேன். கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. கிணற்றுத் தண்ணீரில் உப்புக் கரிப்பதில்லை. "இதுக்கு என்ன காரணம்னு யோசிச்சு வை, வந்து சொல்லு" என்று டீச்சர் பாயில் கிடந்த எனக்கு வீட்டுப்பாடம் கொடுத்தார். மழைத் தண்ணீர் மணலுக்குள் இறங்கி, உப்புத் தண்ணீரைவிட லேசாக இருப்பதால் அதன் மேலே மிதந்து நிற்கும் என்பதைக் கல்லூரிக்குப் போய்த்தான் தெரிந்துகொண்டேன்.

அந்த வெள்ளிக்கிழமைக்குள் எனக்கு அம்மை இறங்கி முதல் தண்ணீர் ஊற்றிவிட்டார்கள். டீச்சர் பன்னீர் இலையில் மடித்த விபூதி கொண்டுவந்தார். இதை மட்டும் அம்மா இரண்டு கையாலும் வாங்கி என் நெற்றியில் பூசினாள். அப்புறம் கைப்பையிலிருந்து ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்துப் படிக்கு இந்தப் பக்கம் வைத்தார். உள்ளே தண்ணீர்.

"என்னட்டி பாக்கே? கடலு."

எங்கள் ஊரில் பெரியவர்களிலேயே பாதிப் பேர் கடலைப் பார்க்காதவர்கள். பாட்டிலைப் பார்க்கத் தெருவே வந்தது. அம்மாவும் ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்தாள். டீச்சர் கடலைச் சொன்னது எப்படியென்றால், "அலை வருது, போவுது" என்று சொல்லவில்லை. தன் முந்தானையை இரண்டு கையாலும் பிடித்து உதறி உதறிக் காண்பித்தார். பிள்ளைகள் முதலில் பயந்து பின்னால் ஓடியது, ஒருவன் அலையைக் கும்பிட்டது, இரண்டு பேர் செருப்பைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு அழுதது. பஸ் வந்து ஹாரன் அடித்தது. ஊர் பஸ் அல்லவா, டிரைவர் காத்திருந்தார். "உன்னைத் தனியாக் கூட்டிப்போய்க் காட்டுதேன்" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

அந்த வருஷம் ஜூனில் டீச்சருக்கு மாறுதல் வந்துவிட்டது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் கோவில்பட்டியில் ஒரு கல்யாண வீட்டில் அவரைப் பார்த்தேன். கண்ணாடி தடித்திருந்தது. பெயரைச் சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்ட முதல் கேள்வி, "கடலு பாத்துட்டியா?" மெட்ராஸில்தானே இருக்கிறேன் டீச்சர், தினமும் பார்க்கிறேன் என்றேன். "அதுவும் நல்ல கடல்தான். ஆனா நான் சொன்ன கடல நீ பாக்கலயே" என்றார். பந்திக்குக் கூப்பிட்டார்கள். பேச்சு அதோடு நின்றது.

இன்றைக்குப் பார்த்தேன் டீச்சர். சேலை முழங்கால் வரை நனைந்தது. ஒரு லிட்டர் பாட்டிலில் பிடித்துக்கொண்டேன். மூடியை இறுக்கி, துண்டில் சுற்றிப் பையின் அடியில் வைத்திருக்கிறேன். ராத்திரியே கோவில்பட்டிக்குத் திரும்புகிறேன்.

ஆறாம் நாள், புதன்: கோவில்பட்டி, எங்கள் ஊர்

விசேஷ வீட்டில் முப்பது நாற்பது பேர் இருந்தோம். பாதிக்கு மேல் பழைய பிள்ளைகள். வெவ்வேறு ஊர்ப் பள்ளிகள், வெவ்வேறு வருஷங்கள். ஒருவரை ஒருவர் தெரியாது. "நீங்க எந்த செட்?" என்று கேட்டுக்கொண்டோம். தலை நரைத்த ஒருவர் பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஏழாம் வாய்ப்பாட்டைச் சொல்லிக் காட்டினார். இலைக்குப் பக்கத்தில் விரலால் தாளம் போட்டுக்கொண்டே. அதே தாளம்தான்.

டீச்சருடைய மகள், நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், மக்ரூனை வாங்கிக்கொண்டு உள்ளே கூட்டிப்போனார். ஒரு தகரப் பெட்டியில் டீச்சர் வைத்திருந்த நோட்டுகள். ஒவ்வொரு சுற்றுலாவுக்கும் ஒரு கணக்கு. 1989 மாசி நோட்டை எடுத்துக் கொடுத்தார். வரவு 22 பேர், 660 ரூபாய். வேன் வாடகை, இட்லி, வாழைப்பழம், தேங்காய், செருப்பு இரண்டு ஜோடி என்று செலவு 985. மீதி 325 எங்கிருந்து வந்தது என்று நோட்டில் இல்லை. அவருடைய சம்பளத்தில் அது எத்தனை நாள் கூலி என்று நான் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கடைசியில் என் பெயர். அதற்கு நேரே, "அம்மை. ரூ.30 திருப்பிக் கொடுத்தாயிற்று." அதற்குக் கீழே வேறு மையில், "கூட்டிப்போக வேண்டும்."

அந்த வரிக்கு மட்டும் நேரே டிக் அடிக்கவில்லை. மற்ற எல்லா வரிக்கும் அடித்திருந்தார்.

அக்கா ஒரு பேனாவை என் பக்கம் நீட்டினார். எனக்குக் கை வரவில்லை. அவரே அடித்தார்.

மத்தியானத்துக்கு மேல் ஊர் பஸ்ஸில் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ஓட்டுக் கட்டடம் போய்விட்டது. கான்கிரீட் கட்டடம். வேப்பமரம் இருக்கிறது. பிள்ளைகள் மொத்தம் 14 பேர். இப்போது காலையிலும் சாப்பாடு போடுகிறார்கள். இன்றைக்குப் பொங்கல் என்று ஒரு பிள்ளை சொன்னது. டீச்சருக்கு இது தெரிந்திருக்கும், சந்தோஷப்பட்டிருப்பார்.

இப்போதுள்ள டீச்சர் சின்னப் பெண். விஷயத்தைச் சொன்னதும் எல்லாப் பிள்ளைகளையும் வராந்தாவில் உட்காரவைத்தார். நான் பாட்டிலை எடுத்து வைத்தேன். ஒரு சாப்பாட்டுத் தட்டு கேட்டு வாங்கிக் கொஞ்சம் ஊற்றி, வெயில் விழுகிற இடமாகப் பார்த்து வைத்தேன். அம்மை இறங்கி நான் பள்ளிக்கூடம் போன அன்று டீச்சர் என் ஹார்லிக்ஸ் பாட்டிலை வாங்கி இப்படித்தான் செய்தார். முதல் தட்டைக் காக்கா கவிழ்த்துவிட்டது. இரண்டாவது தட்டுக்கு ஆயாவிடம் இட்லித் துணி வாங்கி மூடினார். மூன்றாம் நாள் தட்டில் வெள்ளையாகப் பொருக்கு. "தூத்துக்குடி வந்துட்டு பாருங்க" என்று ஆளுக்கு ஒரு கிள்ளு கொடுத்தார். சுற்றுலா போன 22 பேருக்கும்தான்.

ஒரு லிட்டர் கடல் தண்ணீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும் என்று சொன்னேன். முன்வரிசையில் இருந்த பையனுக்கு நம்பிக்கை இல்லை. தட்டைக் குனிந்து பார்த்தான். ஒன்றும் தெரியவில்லை. விரலை விட்டு நக்கிவிட்டு முகத்தைச் சுளித்தான். மற்றவர்களும் வரிசையாக வந்து நக்கினார்கள்.

"காக்கா வரும் டீச்சர்" என்று ஒரு பிள்ளை என்னைப் பார்த்துச் சொன்னது. நான் டீச்சர் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் அது சமையல்கட்டுக்கு ஓடிவிட்டது. திரும்பி வரும்போது கையில் ஒரு வெள்ளைத் துணி. நாலு மூலைக்கும் கல் வைக்க நாலு பேர் போட்டி போட்டார்கள்.

என்றைக்கு உப்பாகும் என்று அந்தப் பையன் கேட்டான். சனிக்கிழமைக்குள் என்றேன். சனிக்கிழமை லீவாச்சே என்றான். அப்போ நீதான் வந்து பார்க்கணும் என்றேன். சரி என்றான்.

தெருமுனையில் பஸ் ஹாரன் கேட்டது.